பிராக் புனித நிக்கோலாஸ் கோயிலும் மணிக்கூண்டும்: முதல்முறை போகிறவர்களுக்கு

பிராக் நகரத்துக்குப் போகிறவர்களில் பலர், சார்லஸ் பாலத்தைக் கடந்து கோட்டைக்கு ஏறும் வழியில் ஒரு பெரிய பச்சைக் குவிமாடத்தைப் பார்க்கிறார்கள், ஒரு படம் எடுக்கிறார்கள், நடையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் குவிமாடத்துக்குக் கீழே இருப்பது மலா ஸ்ட்ரானா பகுதியின் புனித நிக்கோலாஸ் கோயில். பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) பரோக் பாணியில், அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வளைவும் அலங்காரமும் மிகுந்த பாணியில், எழுந்த கட்டடங்களில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பது என் கருத்து. அதை ஒட்டியே நிற்கிறது மணிக்கூண்டு. கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இங்கே செலவழித்தால் போதும், பரோக் என்றால் என்ன என்று கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். கோயில் முதலில், மணிக்கூண்டு பிறகு. கோயிலுக்குள் இருக்கும்போது எது கல், எது சுதை, எது வெறும் ஓவியம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கூண்டில் ஏறி நின்றால் அதே கூரையும் அதே குவிமாடமும் வெளிப்புறமாகக் கண்ணெதிரே நிற்கும். உள்ளே பார்த்தது மனதில் இருக்கும்போதே மேலே போனால்தான் அந்த வித்தை பிடிபடும்.

எந்த நிக்கோலாஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பிராக்கில் நிக்கோலாஸ் பெயரில் இரண்டு பிரபலமான கோயில்கள் இருக்கின்றன. இரண்டுமே பரோக். இரண்டிலும் கிலியான் இக்னாஸ் டீன்ட்சன்ஹோஃபர் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் கை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவதில் வியப்பே இல்லை.

பழைய நகரச் சதுக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாக, முகப்பில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது ஒன்று. 1730களில் கட்டியது. இன்று அது ஹுசைட் சபையாரின் (செக் சீர்திருத்தவாதி யான் ஹஸ் பெயரில் அமைந்த சபை) கோயில். நாம் போக வேண்டியது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோட்டை அடிவாரத்தில், மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தின் நடுவில் இருக்கும் கத்தோலிக்கக் கோயில். ஒரு பெரிய குவிமாடம், பக்கத்தில் ஒல்லியாக ஒரே ஒரு கூண்டு. இதுதான் அடையாளம். வழிகாட்டிப் பலகைகளில் நிக்கோலாஸ் என்று தேடாதீர்கள், செக் மொழியில் அவர் மிகுலாஷ்.

இந்தக் குழப்பம் பணத்தையும் தின்னும். தெருவில் கச்சேரித் துண்டுச்சீட்டு கொடுப்பவர்கள் 'செயின்ட் நிக்கோலாஸ்' என்று மட்டும் சொல்வார்கள். எந்தச் சதுக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

போய்ச் சேர

மெட்ரோவில் ஏ தடம், மலோஸ்ட்ரான்ஸ்கா நிலையம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். டிராம் என்றால் 22ஆம் எண் கோயில் இருக்கும் சதுக்கத்திலேயே நிற்கும். காகிதச் சீட்டு வாங்கினால் டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மெட்ரோவில் நடைமேடைக்கு இறங்கும் முன்பே குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான், வெளியூர்க்காரர் என்று விட மாட்டார்கள்.

கால் நன்றாக இருக்கிறவர்கள் பழைய நகரத்திலிருந்து சார்லஸ் பாலம் வழியாக நடந்து போவதே நல்லது. பாலம் முடிந்ததும் மோஸ்டெட்ஸ்கா தெரு நேராகச் சதுக்கத்தில் கொண்டுவிடும். பாலத்தில் ஒரு சிலைக்காக மட்டும் தமிழர்கள் நிற்கத்தான் வேண்டும். பழைய நகரப் பக்கமிருந்து நடந்தால் இடப்பக்க வரிசையில் புனித பிரான்சிஸ் சவேரியார் இருக்கிறார். 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே, தூத்துக்குடி, மணப்பாடு என்று கடற்கரை முழுக்க நடந்த அதே சவேரியார்தான். ஃபெர்டினாண்ட் மாக்சிமிலியன் பிரோகோஃப் 1711இல் செதுக்கியது. 1890 வெள்ளத்தில் அது ஆற்றில் விழுந்துவிட்டது, இப்போது பாலத்தில் நிற்பது பிரதி. சவேரியாரைத் தாங்கி நிற்கும் உருவங்களில் ஓர் இந்தியரும் உண்டு. நாம் பார்க்கப் போகும் கோயிலைக் கட்டியவர்களும் சவேரியாரின் இயேசு சபையினரே. அதனால் இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது பொருத்தம்.

சதுக்கத்தில் எல்லாம் கருங்கல் பாவிய தரை. குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். மழை பெய்தால் வழுக்கும்.

இரண்டு வாசல், இரண்டு சீட்டு

பலரும் தடுமாறும் இடம் இது. கோயிலும் கூண்டும் ஒரே கட்டடம் போலத்தான் தெரியும். ஆனால் கோயில் பங்குச் சபையின் பொறுப்பில் இருக்கிறது. மணிக்கூண்டோ ஆரம்பத்திலிருந்தே ஊருக்குச் சொந்தம். மணி அடிப்பதோடு ஊர்க்காவலுக்கும் அதுதான். இன்றும் அது நகரத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் கூண்டுக்குத் தனி வாசல், தனிச் சீட்டு, தனி நேரம். கோயிலுக்குள்ளிருந்து கூண்டுக்குப் போக வழி தேடாதீர்கள், வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். ஒன்றுக்கு வாங்கிய சீட்டு மற்றதில் செல்லாது.

நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்பும் அன்று காலை இரண்டின் இணையதளத்தையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். கச்சேரி இருக்கும் நாளில் கோயிலைச் சீக்கிரமே மூடிவிடலாம். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். பூசை காணத்தான் வந்தேன் என்றால் அது வேறு, உட்கார்ந்து கலந்துகொள்ளலாம்.

செக் நாட்டில் புழங்குவது யூரோ அல்ல, கொருனா. சில்லறை கொஞ்சம் கையில் இருக்கட்டும், பொதுக் கழிப்பறைக்கே காசு கேட்பார்கள். தெருவில் நின்று பணம் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் மாற்றவே வேண்டாம்.

உடை விஷயத்தில் பெரிய கெடுபிடி இல்லை. தோளும் தொடையும் மூடியிருந்தால் மரியாதை. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். வேளாங்கண்ணி பழக்கத்தில் காலணியைக் கழற்றத் தேட வேண்டாம், இங்கே காலணியோடுதான் நுழைவார்கள். குளிர்காலத்தில் உள்ளேயும் நன்றாகக் குளிரும், அந்தக் கற்சுவருக்குள் வெயில் ஏறவே ஏறாது. படம் எடுக்கலாம் என்றால் ஃபிளாஷ் இல்லாமல்.

உள்ளே எங்கே நிற்பது

நுழைவதற்கு முன் முகப்பைக் கொஞ்சம் பாருங்கள். சுவர் நேராக இல்லை, முன்னால் புடைத்தும் பின்னால் குழிந்தும் அலை மாதிரிப் போகிறது. உள்ளே நடக்கப் போவதற்கு அது முன்னறிவிப்பு.

இதே இடத்தில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு கோதிக் கோயில் இருந்தது. முப்பது ஆண்டுப் போர்க்காலத்தில் (1618-48) இயேசு சபையினர் கைக்கு அது வந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேலை முழு வேகம் பிடித்தது. நடுக்கூடத்தைக் கட்டியவர் கிறிஸ்டோஃப் டீன்ட்சன்ஹோஃபர். 1737க்குப் பிறகு பீடப் பகுதியையும் குவிமாடத்தையும் எழுப்பியவர் அவர் மகன் கிலியான் இக்னாஸ். மகன் 1751இல் இறந்துபோக, மணிக்கூண்டை 1755இல் முடித்தவர் அவருடைய மருமகன் அன்செல்மோ லுராகோ. அப்பா, மகன், மருமகன் என்று ஒரே குடும்பத்தின் மூன்று கைகள். பிற்பாடு 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது, கோயில் பங்குக் கோயிலானது.

சரி, உள்ளே வருவோம். வாசலைத் தாண்டியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்குவார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆர்கன் (காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) இருக்கும் மாடத்துக்குக் கீழே நின்று முதலில் பக்கவாட்டில் இருக்கும் பெருந்தூண்களைப் பாருங்கள். கோயில் என்றால் தூண்கள் வரிசையாகப் பீடத்தைப் பார்த்து நிற்கும். இங்கே தூண்கள் கோணம் திரும்பி, உங்களை நோக்கி முன்னால் வருகிற மாதிரி நிற்கின்றன. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நீள்வட்டங்களை வைத்துத் தரைப்படம் போட்டதால் வந்த விளைவு இது. நான்கு அடி நடந்தால் சுவரும் கூட நகர்கிறது. ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்தக் கோயில் பாதிதான் கிடைக்கும். மெல்ல நடந்துகொண்டே பாருங்கள்.

அடுத்து நடுக்கூடத்தின் மத்தியில் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். இப்போது அண்ணாந்து பார்க்கலாம். மேலே யோஹான் லூகாஸ் கிராக்கர் 1760ஐ ஒட்டி வரைந்த சுவரோவியம், சுமார் 1500 சதுர மீட்டர் பரப்பு. ஐரோப்பாவின் மிகப் பெரிய கூரை ஓவியங்களில் ஒன்று. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய வேலை இது. நிறம் பூச்சோடு சேர்ந்து இறுகிவிடும், அப்புறம் திருத்த வழியில்லை. அந்த அவசரத்தில், வளைந்த கூரையில், தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு வரைந்திருக்கிறார். உண்மையான தூண் எங்கே முடிகிறது, வரைந்த தூண் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மூலையிலிருந்து கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். எல்லைக்கோடு பிடிபடாது. ஓவியத்தின் கதை நிக்கோலாசின் வாழ்க்கையும் மகிமையும். மாலுமிகளுக்குப் பாதுகாவலர் அவர். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமும் அவரே.

இந்த ஓவியத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வேலை முடியும்வரை யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று கிராக்கர் கட்டளை போட்டிருந்தாராம். இயேசு சபையார் ஒருவர் தூண் மறைவில் ஒளிந்து ஒளிந்து பார்க்க, ஓவியர் அவரை அப்படியே, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உருவமாக வரைந்துவிட்டாராம். பிள்ளைகளோடு போனால் அந்த ஆளைத் தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் அமைதியாக இருப்பார்கள்.

மூன்றாவது இடம் குவிமாடத்துக்கு நேர் கீழே. விட்டம் சுமார் 20 மீட்டர். தரையிலிருந்து உச்சி விளக்குமாடம்வரை ஏறக்குறைய 50 மீட்டர். மூவொரு கடவுளின் மகிமையைப் பாடும் ஓவியம் இங்கே ஃபிரான்ஸ் சேவியர் பால்கோ வரைந்தது. கிராக்கரின் நடுக்கூட ஓவியம் அடர்த்தியானது, பால்கோவுடையது ஒளி நிறைந்தது. குவிமாடத்தின் கழுத்தில் இருக்கும் ஜன்னல்கள் வழியே வெளிச்சம் இறங்குவதால், கூடம் மங்கலாகவும் இந்த இடம் பிரகாசமாகவும் தெரிகிறது. வாசலில் நுழைந்தவரை இந்த வெளிச்சம்தான் முன்னால் இழுக்கிறது. வெயில் நாளில் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும்.

நான்கு மூலையிலும் ஆளை விடப் பெரிய சிலைகள். கிழக்குத் திருச்சபையின் தந்தையர், இக்னாஸ் பிளாட்சர் செய்தவை. அவர்களில் ஒருவர் தன் செங்கோலைச் சாத்தானின் தொண்டையில் குத்தி நிற்கிறார். அங்கி காற்றில் அலைபாய்கிறது, முகத்தில் கோபம். அருகே போய்ப் பாருங்கள், சாத்தானின் வாய்கூட விட்டுவைக்காமல் செதுக்கியிருக்கிறார். பீடத்தின் மேலே நிற்கும் நிக்கோலாசும் பிளாட்சருடையதே, செம்பில் செய்து பொன் பூசியது.

பளிங்கு மாதிரித் தெரிவது

இளஞ்சிவப்பும் பச்சையுமாக மின்னும் தூண்களையும், 1765இல் பிராக்னர் குடும்பத்தார் செய்த பிரசங்க மேடையையும் பார்த்து எவ்வளவு பளிங்கு என்று மலைக்கத் தோன்றும். கண்ணில் படுவதில் பெரும்பகுதி செயற்கைப் பளிங்கு. ஜிப்சத்தோடு விலங்குப் பசையும் நிறப்பொடியும் கலந்து மாவு போலப் பிசைவார்கள். வேறு வேறு நிறத்தில் பிசைந்த உருண்டைகளை ஒன்றாகச் சேர்த்து நறுக்கினால் உள்ளே பளிங்கின் நரம்பு மாதிரி கோடுகள் விழும். அந்தத் துண்டுகளைத் தூணின் மேல் பதித்து, காய்ந்ததும் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மலிவுக்காக மட்டும் செய்த வேலை என்று எண்ணிவிடாதீர்கள், ஆள் கூலியும் நாளும் ஏராளமாகப் பிடிக்கும். கல்மலையில் கிடைக்காத நிறம் வேண்டும் என்றால், இத்தனை பெரிய தூணில் மூட்டே தெரியக் கூடாது என்றால், இதுதான் வழி. நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்று ஒரு தூணை மட்டும் நிதானமாகப் பாருங்கள். தொட வேண்டாம், கைப்பிசுக்கு மெருகைக் கெடுக்கும்.

மாடிக்குப் போகும் படிக்கட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. கோயில் சீட்டிலேயே அது அடங்கும். மேல்மாடத்தில் காரெல் ஷ்க்ரேட்டா 1673ஐ ஒட்டி வரைந்த கிறிஸ்துவின் பாடுகள் வரிசை மாட்டியிருக்கிறது. கோயிலை விட வயதில் மூத்த ஓவியங்கள். இருட்டும் சோகமும் நிறைந்தவை. கீழே பார்த்த பொன் மினுமினுப்புக்குப் பிறகு இவற்றின் முன்னால் நிற்பது வேறு அனுபவம். கைப்பிடிச் சுவரில் 19ஆம் நூற்றாண்டுப் பார்வையாளர்கள் கீறிவிட்டுப் போன பெயர்களையும் காணலாம். கூரை ஓவியம் இங்கிருந்து கொஞ்சம் பக்கமாகத் தெரிவதால், எது உண்மைத் தூண் என்ற கேள்விக்குப் பாதி விடையும் இங்கேயே கிடைக்கும்.

திரும்பி வாசல் பக்கம் பார்த்தால் ஆர்கன். 4000க்கு மேற்பட்ட குழாய்கள். 1787இல் பிராக் வந்த இசையமைப்பாளர் மொசார்ட் இதை வாசித்திருக்கிறார். அவர் வியன்னாவில் 1791 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தார், ஒன்பதே நாளில், 14ஆம் தேதி, இந்தக் கோயிலில் அவருக்காக இரங்கல் திருப்பலி நடந்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. பாடியவர் அவருடைய தோழி யோசெஃபா டுஷ்கோவா. வியன்னாவில் அவரை எளிமையாக அடக்கம் செய்து முடித்துவிட்டார்கள், பிராக் மக்கள்தான் அவரை ஊர் கூடி வழியனுப்பினார்கள். இந்த நகரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை வர இந்த ஒன்றே போதும்.

கூண்டில் ஏறும்போது

கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் நன்றாகப் பார்க்கலாம். வெளியே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுக் கூண்டுக்குப் போங்கள். 215 படிகள், லிஃப்ட் கிடையாது. வழி குறுகல், இறங்குபவர்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டி வரும். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் வசதி. முழங்கால் வலி, இதயக் கோளாறு, தலைசுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டாம். கோயிலின் மேல்மாடத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நிறைவாகத்தான் இருக்கும். மற்றவர்கள் அவசரப்படாமல் போனால் மூச்சு வாங்காது, வழியில் நின்று பார்க்க அறைகள் உண்டு.

அந்த அறைகளில் முக்கியமானது காவல்காரர் குடியிருப்பு. குடும்பத்தோடு இங்கேயே வாழ்ந்து, எங்காவது தீப்பிடித்தால் ஊருக்குத் தெரிவிப்பது அவர் வேலை. 1891வரை இந்தக் காவல் நடந்தது. அவர்கள் சமைத்த புகைபடிந்த பழைய சமையலறை அப்படியே இருக்கிறது. விறகும் தண்ணீரும் இந்தப் படிகள் வழியாகவே மேலே வந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் ஏறிவந்த களைப்பு பெரிதாகத் தெரியாது.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் இதே கூண்டில் வேறொரு காவல் வந்தது. இரகசியப் போலீசார் மேலே உட்கார்ந்துகொண்டு சுற்றியிருந்த வெளிநாட்டுத் தூதரகங்களையும் அங்கே போய்வருகிறவர்களையும் கண்காணித்தார்கள். 1989இல் ஆட்சி மாறும்வரை தொடர்ந்தது. அந்த இடத்தை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தீயைப் பார்க்கக் கட்டிய ஜன்னல் வழியாக மனிதர்களை வேவு பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்த அறையைத் தாண்டிப் போக மனமே வராது.

வெளி மாடத்துக்கு வந்ததும் நகரத்தைப் பார்க்கத்தான் கண் ஓடும். முதலில் குவிமாடத்தைப் பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலப் பச்சையேறிய செம்புத் தகடு. உள்ளே வெளிச்சம் கொட்டிய ஜன்னல்கள் இவைதான். அங்கே வானமாகத் திறந்துகிடந்த நடுக்கூடத்தின் மேலே இங்கே சாதாரணச் சரிவுக் கூரைதான் இருக்கிறது. அத்தனை ஆழமும் பூச்சின் மேல் வரைந்த நிறம் என்பது இப்போது உறைக்கும்.

அப்புறம் ஊர். கிழக்கே பாலமும் வல்டாவா ஆறும் பழைய நகரத்துக் கோபுரங்களும். வடமேற்கே கோட்டை, நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில். மலைச்சரிவுத் தோட்டத்தில் சின்ன மண்டபத்தின் மேல் அமெரிக்கக் கொடி பறந்தால் அது அமெரிக்கத் தூதரகத் தோட்டம். அதே சரிவில் கொஞ்சம் தள்ளி ஜெர்மன் தூதரகமாக இருக்கும் லோப்கோவிட்ஸ் மாளிகை. 1989 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பிச் சுவரேறிக் குதித்து அதன் தோட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 30ஆம் தேதி மாலை மேற்கு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் பால்கனியில் வந்து, நீங்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போகலாம் என்ற செய்தியைச் சொல்லத் தொடங்கியதும் எழுந்த ஆரவாரத்தில் அவருடைய வாக்கியம் முடியவே இல்லை.

படம் எடுக்கிறவர்களுக்கு: மாலை வெயில்தான் வேண்டும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் சாயும்போது பாலமும் பழைய நகரமும் பொன்னாக ஒளிரும். காலையில் அதே திசை எதிர்வெயிலில் மங்கிவிடும். மாடத்தில் காற்று பலமாக அடிக்கும், கைபேசியை வாரோடு மாட்டிக்கொள்ளுங்கள். தொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள்.

மாலையில் தங்க முடிந்தால்

கோயிலில் பல மாலைகளில் கச்சேரி நடக்கும். ஆர்கன் உள்ள நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். சீட்டைத் தெருவில் வாங்காமல் கோயில் வாசலிலோ இணையத்திலோ வாங்குங்கள், எந்த நிக்கோலாஸ் என்ற தொல்லை இல்லை. ஆர்கன் பின்மாடத்தில் இருப்பதால் இசை முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். முன்வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். குவிமாடத்துக்குக் கீழே ஒலி நீண்டு எதிரொலிக்கும், வேகமான சுரங்கள் ஒன்றோடொன்று குழையும். கூடத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கும். குளிர்காலமாக இருந்தால் மேலங்கியைக் கழற்றாதீர்கள், கையுறையும் இருக்கட்டும். ஒரு மணி நேரம் அசையாமல் மரப் பெஞ்சில் உட்காரும்போது அந்தக் குளிர் எலும்புக்குள் இறங்கும். முடிந்து வெளியே வந்தால் 22ஆம் எண் டிராம் சதுக்கத்திலேயே கிடைக்கும்.